மொட்டைமாடியில் ஒரு மடை

நடந்தவை, நடந்த வரிசைப்படி:

1. கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், வானத்தில் ஒரு மேகம்கூட இல்லாத பிற்பகலில், எங்கள் வீட்டுச் சொந்தக்காரர் ஜெய்த்தூன் அக்காவின் புது சோபா மீது கூரையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

2. அவர் கீழேயிருந்து "சுமதீ" என்று போட்ட சத்தத்தில், மாடிப் போர்ஷனில் துணி மடித்துக்கொண்டிருந்த நான் பின்பக்கக் கதவைத் திறந்தேன்.

3. கதவுக்கு அப்பால் என் தோட்டம் இருக்க வேண்டும். ஏரி இருந்தது. பெயிண்ட் டப்பாக்கள் தீவுகளாக நின்றன. என் ரப்பர் செருப்பு ஒன்று கத்தரிச் செடியைச் சுற்றி மிதந்துகொண்டிருந்தது.

4. நடுவில் என் மாமனார், வேட்டியை மடித்துக் கட்டி, கண் ஆபரேஷனுக்குக் கொடுத்த கறுப்புக் கண்ணாடியோடு, கணுக்கால் தண்ணீரில் நின்றிருந்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

5. "மடைய அடைச்சிட்டேன் ஆயி. இந்தக் குழா வழியா எவ்வளவு தண்ணி வீணாப் போயிட்டுருந்துச்சு தெரியுமா" என்றார். என்னை அவர் ஆயி என்றுதான் கூப்பிடுவார். மழைநீர்க் குழாயின் வாயில் ஒரு கோணியும், அதன் மேல் அணைத்த களிமண்ணும் இருந்தன.

6. கோணியை நான் இழுத்தேன். தண்ணீர் மொத்தமும் பின்தெருவில் மீன் விற்றுக்கொண்டு போனவர் மீது இறங்கியது.

7. ஜெய்த்தூன் அக்கா படியேறி வந்து, "இங்க செடி இருக்கணுமா, நீ இருக்கணுமான்னு முடிவு பண்ணிக்க" என்றார்.

8. அதற்கடுத்த வெள்ளிக்கிழமை மஸ்கட்டிலிருந்து என் கணவர் போன் செய்தார். போன் அக்காவின் வீட்டில்தான் இருந்தது. நான் அப்போது அலுவலகத்தில் இருந்தேன்.

9. போகிக்கு முதல் நாள் என் கணவர் பெட்டியோடு வாசலில் நின்றார். அவர் வர வேண்டியது சித்திரையில்.

எட்டாவதற்கும் ஒன்பதாவதற்கும் நடுவில் ஒரு தமிழ்ச் சொல் இருக்கிறது. அதற்குப் போகுமுன், செடிகள் மாடிக்கு ஏறிய கதையைச் சொல்லிவிட வேண்டும்.

சங்கிலியிலிருந்து மாடிக்கு

பாலிடெக்னிக்கில் சிவில் படித்ததையும், வயல் வரப்புகளில் சர்வே சங்கிலி பிடித்துக்கொண்டு அலைந்ததையும் சென்ற வாரம் எழுதியிருந்தேன். படித்து முடித்ததும் தஞ்சாவூரில் கட்டட பிளான் போடும் ஓர் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. வெளிநாட்டிலிருந்து பணம் வந்து ஊர் முழுக்க வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த காலம். மல்லிப்பட்டினம், அதிராம்பட்டினம், பேராவூரணி என்று எந்தப் பக்கம் போனாலும் பாதி கட்டிய வீட்டின் உச்சியில் திருஷ்டிப் பொம்மை தொங்கும். அந்த வீடுகளுக்கெல்லாம் நான் கோடு போட்டேன்.

எனக்கு வேலை பிடித்திருந்தது. காலையில் பென்சில் சீவும்போதே சிரிப்பு வரும் அளவுக்குப் பிடித்திருந்தது.

கல்யாணம் ஆனது. கணவர் இளங்கோ, திருவிடைமருதூர் பக்கத்துக் கிராமத்துக்காரர், மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக். விருந்து, மறுவீடு எல்லாம் முடிவதற்குள் அவருடைய லீவு முடிந்துவிட்டது. கிராமத்தில் மாமா மட்டும்; மாமியார் முன்பே காலமாகிவிட்டார். நான் தஞ்சாவூரிலேயே வேலையில் இருப்பது என்று நானும் கணவரும் பேசி முடிவு செய்தோம். உறவுக்காரர்கள் வேறு மாதிரி முடிவு செய்திருந்தார்கள். வயதான மனிதர் தனியாகச் சோறு வடித்துச் சாப்பிட, மருமகள் டவுனில் பென்சில் பிடிப்பதா என்று ஒவ்வொரு விசேஷத்திலும் ஒருவராவது கேட்டுவிடுவார்.

மாமா கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மதிப்பெண் போட்டுத் தேர்ந்தவை

ஜெய்த்தூன் அக்காவின் வீட்டு மாடியில் முன்பாதி எங்கள் போர்ஷன், பின்பாதி வெட்டவெளி. அந்த வெட்டவெளிக்கு நேர் கீழே அவருடைய கூடம். துணி காயப்போடுவதைத் தவிர அந்த இடத்துக்கு வேலை இல்லை. ஓர் ஆடி மாதத்தில் அதைப் பார்த்துக்கொண்டே பல் தேய்க்கும்போது, ஏன் இங்கே காய்கறி போடக் கூடாது என்று தோன்றியது.

எங்கள் பக்கத்தில் பயிர் என்றால் நெல். மற்றதெல்லாம் பயிரில் சேராது. கொல்லையில் கத்தரி காய்த்தால் 'அது பாட்டுக்குக் கெடக்கு' என்பார்கள். ஏக்கர் கணக்கில் நிலம் வைத்திருக்கும் வீட்டிலும் சாம்பாருக்குக் காய், மேற்கேயிருந்து லாரியில் வந்து சந்தையில் இறங்கியதாக இருக்கும். எனக்கும் காய்கறி வளர்ப்பது பற்றி ஒன்றும் தெரியாது. தெரியாத விஷயத்தை அட்டவணை போட்டு அணுகுவது என் வழக்கம்.

செடிகளுக்கு நான்கு கேள்விகள் வைத்தேன். எவ்வளவு இடம் கேட்கும்? ஒரு முறை தருமா, பறிக்கப் பறிக்கத் தருமா? ஒரு நாள் கவனிக்காமல் விட்டால் பொறுத்துக்கொள்ளுமா? எங்கள் வீட்டில் அதைச் சாப்பிடுவார்களா?

முட்டைக்கோஸ் முதல் இரண்டு கேள்விகளிலேயே வெளியேறியது. மாதக்கணக்கில் இடத்தைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு தலையைத் தருவதை நான் ஏற்கவில்லை. பூசணி பக்கத்து வீட்டுக்கு நடந்து போய்விடும் என்பதால் தள்ளப்பட்டது. அரைக்கீரைக்கு முழு மதிப்பெண்: கிள்ளினால் மறுபடி தழைக்கும், அகலமான தட்டு போதும். வெண்டைக்கும் கத்தரிக்கும் நல்ல மதிப்பெண். பந்தல் போட ஒரு கயிறு இருந்தால் போதும் என்பதால் அவரை உள்ளே வந்தது. தை மாதத்தில் கொட்டிக் கொடுக்கும். கொத்தவரை என் கணவருக்குப் பிடிக்காது. ஆனால் அவர் மஸ்கட்டில் இருந்தார், எனவே அதற்கும் முழு மதிப்பெண். தக்காளி, மிளகாய் இரண்டும் ஆசைக்கு.

தொட்டிகளை வேலை நடக்கும் கட்டடங்கள் கொடுத்தன. காலி பெயிண்ட் டப்பாக்கள், மூலை உடைந்த வாஷ்பேசின், ஜெய்த்தூன் அக்காவின் அதிராம்பட்டினத்து உறவினர்கள் மீன் அனுப்பும் தெர்மாகோல் பெட்டிகள். மீன்பெட்டியில் கீரை நன்றாக வரும். முதல் வாரம் மட்டும் தெருப் பூனைகள் கீரையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு குளியல் தொட்டி. துபாயிலிருந்து வந்த ஒருவர், அங்கே ஓட்டலில் பார்த்ததைப் போலத் தன் வீட்டிலும் வேண்டும் என்று வரவழைத்தது. வந்து இறங்கும்போதே ஓரம் பெயர்ந்துவிட்டது. அவர் கோபித்துக்கொண்டு வேறு வாங்கினார். நான் அதைக் கேட்டு வாங்கி, தளம் தாங்குமா என்று கணக்குப் போட்டு, சுவரின் மேலேயே பாரம் இறங்கும்படி இடம் பார்த்து வைத்தேன். அதை மாடிக்கு ஏற்றிய கொத்தனார்கள் இன்றைக்கும் என்னைப் பார்த்தால் சோப்பு வேண்டுமா என்று கேட்கிறார்கள்.

தொட்டியில் என்ன வைப்பது என்று தெரியவில்லை. சமையலறைக் கூடையில் முளைவிட்டிருந்த சேப்பங்கிழங்குகளைச் சும்மா அதில் புதைத்து வைத்தேன். அட்டவணையில் சேம்பு கிடையாது.

பந்தயம்

ஐப்பசி கடைசியில் மாமாவுக்குக் கண்புரை ஆபரேஷன். தஞ்சாவூரில்தான் செய்ய வேண்டியிருந்தது. அந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் சரியாக வரவில்லை. வாய்க்காலில் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. வயல் தரிசாகக் கிடந்ததால்தான் அவர் வரவே சம்மதித்தார். கண் சரியானதும் கிளம்பிவிடுவதாகச் சொல்லியே உள்ளே நுழைந்தார்.

முதல் நாள் சாப்பாட்டில் கீரை மசியல். ஜெய்த்தூன் அக்கா, ஆபரேஷன் ஆனவரைப் பார்க்க ஆப்பிளோடு வந்து உட்கார்ந்திருந்தார்.

"கீரை நல்லாருக்கு. எந்தக் கடை?" என்றார் மாமா.

"கடையில்ல மாமா. மாடியில பறிச்சது."

"அண்ணே, உங்க மருமவ என் மாடிய தோப்பாக்கி வச்சிருக்கு" என்றார் அக்கா.

மாமா இன்னொரு கவளம் சாப்பிட்டார். "ஒருவேளைக்குக் கீரை வந்துட்டா ஆச்சா? எல்லாத்தையும் வெலைக்கு வாங்கித் திங்கிற எடத்துல என்னால இருக்க முடியாது ஆயி. ஊர்ல இருந்தா வேலியில ரெண்டு அவரையாவது தொங்கும்."

"இங்கயும் தொங்குது மாமா."

"பொங்கலுக்குக் கொழம்பு வைக்க ஏழு காய் வேணும். ஏழும் மாடியில பறிப்பியா?"

எங்கள் பக்கத்தில் பொங்கலன்று ஏழு காய் போட்டு ஒரே குழம்பு வைப்பது வழக்கம். நான் அவசரப்படுகிறவள் இல்லை. அன்றைக்கு மட்டும் வாய் முந்திக்கொண்டது.

"பறிப்பேன்."

"பறிச்சிட்டா?"

"நீங்க இங்கயே எங்க கூட இருந்துடணும்."

"பறிக்கலன்னா?"

"வேலைய விட்டுட்டு நான் உங்க கூட ஊருக்கு வந்துடறேன்."

மாமா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். கழற்றக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். "தங்கச்சி, நீங்கதான் சாட்சி" என்றார் ஜெய்த்தூன் அக்காவிடம்.

"வல்ல நாயன் சாட்சி. நான் வேடிக்க பாக்குறேன்" என்றார் அக்கா.

நான் உள்ளே போய் அட்டவணையைப் பார்த்தேன். கீரை காயில் சேராது. மீதம் இருந்தவை வெண்டை, கத்தரி, அவரை, கொத்தவரை, தக்காளி, மிளகாய். ஆறு. ஒன்று குறைகிறது, அதற்குள் ஏதாவது கிடைத்துவிடும். ஜெயித்துவிட்டதாகவே நினைத்து அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

குனியாமல் செய்த வேலை

பகலில் நான் அலுவலகம் போய்விடுவேன். மாமா மாடியில் உட்கார்ந்திருப்பார். குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் குனியவில்லை. டியூபைக் குழாயில் மாட்டி, நின்றபடியே ஒவ்வொரு டப்பாவிலும் தண்ணீர் கட்டினார்.

தண்ணீர் தெளிப்பது, ஊற்றுவது, விடுவது என்று எத்தனையோ இருக்கின்றன. நெல் விளைவிக்கிறவர்களுக்குத் தெரிந்தது தண்ணீர் கட்டுவது. மண் கண்ணுக்குத் தெரிந்தால் அது காய்கிறது என்று பொருள். மேலே ஒரு தகடு போலத் தண்ணீர் பளபளத்தால்தான் மனசு ஆறும்.

டப்பாவுக்குள் தண்ணீர் நின்றால் வேர் அழுகும். வேர் அழுகினால் இலை தொங்கும். இலை தொங்கினால் மாமா வருத்தப்படுவார்: "தக்காளி வாட்டமா இருக்கு ஆயி, தண்ணி பத்தல." மறுபடி கட்டுவார். அது இன்னும் வாடும். இன்னும் கட்டுவார்.

'தண்ணீர் ஊற்ற வேண்டாம்' என்று அட்டையில் எழுதி மாட்டினேன்.

"எனக்குத்தான் கண்ணு தெரியலயே" என்றார்.

"அட்டை இருக்கிறது மட்டும் தெரியுதா மாமா?"

"வெள்ளையா ஏதோ தெரியுது. எழுத்துன்னா எனக்கெப்படித் தெரியும்?"

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் துணி துவைப்பதிலும் மடிப்பதிலும் மும்முரமாக இருக்க, அவர் காலையிலேயே மோட்டாரைப் போட்டுவிட்டார். சுவிட்சைத் தட்டினால் தண்ணீர். முறை வைத்து விடும் தண்ணீருக்காக வாய்க்கால் கரையில் காத்திருந்தவருக்கு அது தாங்க முடியாத சுகமாக இருந்திருக்க வேண்டும். மண்ணைக் காலாலேயே தள்ளி, குழாய் வாயில் காலாலேயே அணைத்து, மாடி முழுவதையும் வயலாக்கிவிட்டார். அந்தப் போகத்தில் தண்ணீர் நின்ற ஒரே வயல் அதுதான்.

அதனால் என்னால் கோபப்பட முடியவில்லை. கோபப்படும் வேலையை ஜெய்த்தூன் அக்கா பார்த்துக்கொண்டார்.

கோலிக்குண்டு

"செடிய எறக்கு" என்றார் அக்கா. "சோபாவுக்கு இன்னும் பிளாஸ்டிக் கவர்கூட பிரிக்கல."

"கவர் பிரிக்கலன்னா சோபா நனையலதானேக்கா?"

"நனையலங்கறது வேற. நனைய இருந்துச்சா இல்லயா?"

பொங்கலுக்கு இன்னும் நாள் இருந்தது. செடிகளை இறக்கினால் பந்தயம் போச்சு, பந்தயம் போனால் வேலை போச்சு. எனக்கு ஒன்று மட்டும் இடித்தது. கோணியை எடுத்த பிறகும் மாடியின் நடுவில் தண்ணீர் குளமாக நின்றது. குழாய் திறந்திருக்க, தண்ணீர் ஏன் அங்கே நிற்கிறது?

ஒரு கோலிக்குண்டு வாங்கி வந்து, காய்ந்த தளத்தில் வைத்தேன். குழாயை நோக்கி ஓட வேண்டிய குண்டு, திரும்பி நடுவுக்கு ஓடியது. எங்கே வைத்தாலும் நடுவுக்கே வந்தது. அதற்கு நேர் கீழேதான் சோபா.

"அக்கா, மழை பெய்யும்போது கூடம் ஒழுகுமா?"

"ஒழுகாம? எல்லா மழைக்கும் அண்டா வச்சிருவேன். எல்லார் வீடும் ஒழுகத்தானே செய்யும்?"

"எல்லார் வீடும் ஒழுகாதுக்கா. தளத்துல வாட்டம் சரியில்ல. அதான் தண்ணி வடிய மாட்டேங்குது."

தளத்தில் தண்ணீர் தானாக ஓடும்படி கொடுக்கும் சரிவுக்குக் கொத்தனார்கள் சொல்லும் சொல் வாட்டம். வீடு கட்டிய கொத்தனார் வாட்டத்தைக் குழாய்ப் பக்கம் கொடுக்காமல் நடுப்பக்கம் கொடுத்துவிட்டார். மாமா செய்தது, பல வருஷமாக ஒளிந்திருந்த தவறை ஒரே நாளில் வெளியே கொண்டுவந்ததுதான்.

அக்கா கோலிக்குண்டைத் தானே உருட்டிப் பார்த்தார். மறுபடி உருட்டிப் பார்த்தார். பிறகு பாத்திரக்கடை வைத்திருக்கும் தன் தம்பியைக் கூப்பிட்டு அவரையும் உருட்ட வைத்தார்.

"சரி பண்ணிக் குடுத்திரு. செடி இருக்கட்டும். பொங்கலுக்குள்ள ஒரு சொட்டு எறங்குச்சு, அத்தனையும் தெருவுல கெடக்கும்."

எங்கள் அலுவலகக் கொத்தனார்கள் வந்தார்கள். தளத்து ஓடுகளைப் பெயர்த்து, குழாய்ப் பக்கம் வாட்டம் கொடுத்துப் புதிதாகப் பதித்தார்கள். நான் சரிவு பார்க்கும் ரசமட்டத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே நின்றேன். மாமா கறுப்புக் கண்ணாடியோடு நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் இவ்வளவு சீக்கிரம் ஓடிவிட்டால் நிலத்துக்கு என்ன பிரயோஜனம் என்று கொத்தனார்களிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஐந்தாவது கேள்வி

தளம் சரியானது. மாமா சரியாகவில்லை.

வெள்ளத்தில் தக்காளியும் வெண்டையும் போய்விட்டன. மிளகாயில் ஒன்று தப்பியது. கத்தரியில் ஒன்று. அவரையும் கொத்தவரையும், செங்கல் மேல் உயரத்தில் வைத்திருந்ததால் பிழைத்தன. நான்கு காய். அவற்றுக்கும் மாமா அன்றாடம் தண்ணீர் கட்டினார்.

அப்போதுதான் குளியல் தொட்டியைக் கவனித்தேன். அதில் தண்ணீர் எப்போதும் விளிம்பு வரை நின்றது. சேம்பு இலைகள் யானைக் காது போல விரிந்து என் இடுப்பு வரை வந்திருந்தன. எல்லாச் செடியையும் அழுக வைத்த கை இதை மட்டும் கொழுக்க வைத்திருந்தது.

என் அட்டவணையில் ஒரு கேள்வி விட்டுப்போயிருந்தது. இடம், மகசூல், பொறுமை, ருசி எல்லாம் கேட்டேன். தண்ணீர் ஊற்றப்போவது யாருடைய கை என்று கேட்கவில்லை. ஐந்தாவதாக ஒரு கட்டம் போட்டு, 'மாமா' என்று எழுதினேன். மறுபடி மதிப்பெண் போட்டேன். சேம்பு முதலிடம். தண்ணீரிலேயே கிடக்கும் வள்ளைக்கீரை இரண்டாமிடம். ஈரம் விரும்பும் பொன்னாங்கண்ணி மூன்றாமிடம்.

"மாமா, இந்தத் தொட்டியும் வாஷ்பேசினும் இனிமே உங்க வயல். இதுல எவ்வளவு வேணும்னாலும் தண்ணி கட்டுங்க. செங்கல் மேல இருக்கறது எல்லாம் என் வயல். என் வயல்ல நீங்க மடை திறக்கக் கூடாது."

அவர் குளியல் தொட்டியைச் சுற்றி வந்தார். "நஞ்சையா புஞ்சையா?"

"நஞ்சை மாமா."

"பட்டா?"

"உங்க பேர்லதான்."

அன்றிலிருந்து என் டப்பாக்களை அவர் தொடவில்லை. அடுத்தவர் வயலில் தண்ணீர் விட அவருக்கு வராது. மறுநாள் தொட்டியின் விளிம்பில் அவர் மண்ணால் ஒரு சின்ன வரப்புப் போட்டிருந்ததைப் பார்த்தேன்.

போனில் வந்த வாட்டம்

போகிக்கு முதல் நாள் சாயங்காலம், அவரைப் பந்தலுக்குக் கயிறு மாற்றிக் கட்டிக்கொண்டிருந்தேன். முழங்கை வரை சேறு. மாடிப்படியில் பெட்டி இடிக்கும் சத்தம் கேட்டது. திரும்பினால் இளங்கோ.

"என்னங்க, நீங்க எப்படி இப்ப?"

அவர் என் முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். "அழுதியா?"

"யாரு?"

"நீதான்."

"நான் எதுக்கு அழணும்?"

"போன் பண்ணப்ப மேல எப்படி இருக்காங்கன்னு கேட்டேன். அக்காதான் சொன்னாங்க. வாட்டம் சரியில்ல தம்பி, எப்பப் பாத்தாலும் தண்ணி நிக்குது, இப்படியே விட்டா நாள் தாங்காதுன்னு. அப்புறம் போன் போட்டா லைனே கெடைக்கல."

படியில் பின்னாலேயே ஏறி வந்திருந்த ஜெய்த்தூன் அக்கா அப்படியே நின்றார். "நான் தளத்தச் சொன்னேன்" என்றார்.

"தளமா?"

"மேல எப்படி இருக்குன்னு கேட்டீங்க. மேல இருக்குறது தளம்தானே தம்பி? லைன் வேற கரகரன்னுச்சு."

இளங்கோ பெட்டியின் மீது உட்கார்ந்துவிட்டார். "நீ வாடிப் போயி அழுதுகிட்டே இருக்கன்னு நெனச்சு, மூணு வாரமா சூப்பர்வைசர் கையப் புடிச்சுக் கெஞ்சி லீவு வாங்கிட்டு வந்திருக்கேன். தளத்துக்காகவா?"

குளியல் தொட்டிப் பக்கத்திலிருந்து மாமாவின் குரல் வந்தது. "தளத்த சரி பண்ணியாச்சுப்பா. நீ திரும்பிப் போலாம்."

முதலில் சிரித்தது அக்கா. பிறகு யார் எப்போது நிறுத்தினோம் என்று நினைவில்லை. நான் ஒரு நாளும் வாடவில்லை என்று என் கணவரிடம் உறுதியாகச் சொன்னேன். சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய், கழுவி வைத்திருந்த டம்ளர்களையே மறுபடி கழுவினேன். காப்பியில் சர்க்கரை போட மறந்துவிட்டேன். அவர் அதைச் சொல்லாமல் குடித்தார்.

ஏழு

பொங்கலன்று காலை மாடியில் முறத்தை வைத்தேன். மாமா நாற்காலியில். ஜெய்த்தூன் அக்கா சாட்சி என்பதால் அவருக்கும் நாற்காலி. இளங்கோ பறிக்க, நான் வைத்தேன்.

அவரைக்காய். கொத்தவரங்காய். கத்தரிக்காய். சேப்பங்கிழங்கு, தொட்டியில் கைவிட்டுத் தோண்டத் தோண்ட வந்தது.

நாலு. இதுவரை தகராறு இல்லை.

"மிளகா" என்று ஐந்தாவதை வைத்தேன்.

"மிளகா காயில சேராது" என்றார் மாமா.

"பேருலயே காய் இருக்கேப்பா" என்றார் இளங்கோ. "மிளகாய்."

மாமா யோசித்தார். "அப்ப ஏலக்காயும் காயா?"

"அதையும் வளத்தா வைப்பேன் மாமா" என்றேன்.

"சரி, வை. அஞ்சுதான் ஆச்சு."

சேப்பந்தண்டை வைத்தேன். கீரை என்று யாரும் தள்ளிவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டே சேம்பு இலையை வைத்தேன். கைகளைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். முறத்தில் இருந்ததற்கு மேல், கீரையைத் தவிர, மாடியில் ஒன்றும் இல்லை.

"இது மூணும் ஒரே செடி" என்றார் மாமா.

"சந்தையில கிழங்கு தனியா, தண்டு தனியா, எல தனியாத்தான் விப்பாங்க அண்ணே" என்றார் அக்கா. "மூணுக்கும் சேத்து ஒரு வெல சொல்லுவாங்களா?"

"நீங்க சாட்சியா, வக்கீலா?"

"வீட்டுக்காரி."

மாமா எழுந்து முறத்தின் பக்கத்தில் வந்தார். கிழங்கைக் கையில் எடுத்து எடை பார்த்தார். தண்டை எடுத்தார். இலையை விரித்து வெயிலில் பிடித்தார். அவருக்குக் கண் நன்றாகத் தெரிய ஆரம்பித்திருந்தது.

"ஆயி, இது மூணும் யாரு வயல்ல வெளஞ்சது?"

"உங்க வயல்ல மாமா."

"பட்டா யாரு பேர்ல?"

"உங்க பேர்ல."

இந்த மூன்றையும் தள்ளினால் பந்தயத்தில் அவர் ஜெயிப்பார். ஆனால் அந்த வருஷம் அவர் விளைவித்தது இந்த மூன்றும்தான்.

"நான் தண்ணி கட்டி வெளஞ்சத கணக்குல இல்லன்னு நானே எப்படிச் சொல்றது?" என்றார். "வை. ஏழுதான்."

இலையை முறத்தில் வைத்தபோது மற்றவற்றுக்கு மேலாக வைத்தார். குழம்பில் புளி கொஞ்சம் தூக்கலாகப் போட்டேன், சேம்பு நாக்கை அரிக்கக் கூடாது என்று. மாமாவுக்கு இரண்டாம் தடவை ஊற்றினேன். இளங்கோ மாத்திரம் கொத்தவரங்காயைப் பொறுக்கி ஓரத்தில் வைத்தார். அவருக்கு அன்றைக்கு எது செய்தாலும் மன்னிப்பு இருந்தது.

இன்றைய நிலவரம்

மாமா எங்களோடுதான் இருக்கிறார். வயல் குத்தகையில் இருக்கிறது. ஆற்றில் தண்ணீர் விட்டார்கள் என்று கேள்விப்பட்டால் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

நான் அதே அலுவலகத்தில் இருக்கிறேன். எந்தத் தளத்துக்குப் போனாலும் கைப்பையில் ஒரு கோலிக்குண்டு இருக்கும்.

இளங்கோ இன்னும் மஸ்கட்டில்தான். இப்போது எங்கள் இருவரிடமும் செல்போன் இருக்கிறது. நடுவில் யாரும் இல்லாததால் லீவுக்கு முன்கூட்டி வர அவருக்குக் காரணம் கிடைப்பதில்லை. சென்ற மாதம் போனில், "வாட்டம் எப்படி இருக்கு?" என்றார். "சரியில்லைங்க" என்றேன். ஆவணியில் வருகிறார்.

ஜெய்த்தூன் அக்காவின் கூடம் ஒழுகுவதில்லை. அவர் சோபாவின் பிளாஸ்டிக் கவரை இன்னும் பிரிக்கவில்லை.

தக்காளி எனக்கு இதுவரை சரியாக வரவில்லை.

வாஷ்பேசினில் மாமா யாரிடமும் சொல்லாமல் ஒரு பிடி நெல் விதைத்திருக்கிறார். நாற்று ஒரு சாண் உயரம் இருக்கிறது. மாடியில் தண்ணீர் எங்கும் நிற்பதில்லை. அவருடைய வயலில் மட்டும் நிற்கிறது.